மூன்றாம் பெட்டி ஜெனரல்

அவர் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் பேச ஆரம்பித்தபிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் ஊர்க் கனரக இயந்திரத் தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் பிரிவில், கையுறையும் சோப்பும் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அங்கே ராணுவத்துக்கும் சில வண்டிகள் செய்தார்கள். அந்த வண்டிகளில் எதிலோ ஒன்றில் தன் கையால் எடுத்துக் கொடுத்த போல்ட்டு ஒன்று இருக்கிறது என்ற உறவுமுறையில்தான் அவர் உலகப் பாதுகாப்பைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு பெங்களூரில் ஒரு தனியார் கிடங்கில் வேலை. மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் காலை ரயிலில் மூன்றாம் பெட்டி. சுரங்கம் மூடியபின் கோலார் தங்கவயலில் பாதிப் பேருக்கு வாழ்க்கை ரயில் பெட்டியில்தான் என்பதால், நானும் அதே பெட்டி. நாங்கள் அவரை ஜெனரல் என்று கூப்பிட்டோம். கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

பங்காருப்பேட்டை தாண்டியதும் டிபன் டப்பாவைத் திறப்பார். மூடியை மடியில் வைத்து அதில் இட்லியை மலையாக நிறுத்துவார். மலைக்குப் பின்னால் ஒரு வடை. அது தீவிரவாதிகளின் முகாம். வடையைச் சுற்றி இருக்கும் சட்னி, ஊர். ஸ்பூன் விமானம்.

"இன்னா பண்றாங்க, ராத்திரி தாழ்வாப் பறந்து வந்து, சுரங்கத்துல ஷாஃப்ட் எறக்குற மாதிரி நேரா உள்ள எறக்கணும். அடியில போயி வெடிக்கணும். ஒண்ணு போட்டா பத்து அடங்கும்."

"சுத்தி இருக்குற சட்னி, சார்?" என்று யாராவது கேட்பார்கள்.

"வடை போவும்போது சட்னி போவாம இருக்குமா?"

பெட்டியே சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே மலை, முகாம், ஊர் எல்லாவற்றையும் சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார். உலகத்தில் இத்தனை சுத்தமாகப் போரை முடித்த தளபதி வேறு யாரும் இருக்க முடியாது.

ஒருநாள் நான் கேட்டேன். "உங்க அப்பா சுரங்கத்துல, அண்டர்கிரவுண்டுல வெடி வெச்சவர்தானே சார்? அந்த லெவல்ல இருக்குற ஆளுங்களை எல்லாம் ஒதுக்கிட்டுதானே வெடி வெப்பாரு?"

அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "அது பாறை தம்பி. பாறை பொம்பளைங்க பின்னாடி போயி ஒளியாது."

இதையெல்லாம் கேட்டு அவரை ஏதோ கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கர்ப்பிணி ஏறினால் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின வேலைநாளில் பெட்டி முழுக்கக் கேக்கு கொடுப்பார். தலைவலி என்று யார் சொன்னாலும் பையிலிருந்து தைலம் எடுப்பார். ரயிலில் அடிபட்டுச் செத்த நாயைப் பார்த்த அன்று, எந்த நாட்டின் மீதும் குண்டு போடாமல் டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டார்.

அவருக்கு ஜன்னலோர இருக்கை தினமும் உண்டு. பிடித்துக் கொடுப்பவன் செல்வம். ஏசி மெக்கானிக், முப்பதைத் தாண்டியவன், பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்குள் ரயில் நுழையும்போதே, நிற்பதற்கு முன் தொற்றி ஏறி, தோள் துண்டை ஜன்னலோரத்தில் வீசிவிடுவான். ஜெனரல் பின்னால் நிதானமாக ஏறி வந்து துண்டை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு உட்காருவார். செல்வத்தின் மகளுக்கு டெங்கு வந்தபோது லீவு போட்டு ஆஸ்பத்திரியில் அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தவரும் ஜெனரல்தான்.

பெட்டியில் அவரை எதிர்த்துப் பேசியவள் ஸ்டெல்லா ஒருத்திதான். நர்ஸ். வெளிநாட்டில், ஓயாமல் சண்டை நடக்கும் ஓர் ஊரின் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, இப்போது பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். ஜெனரல் வகையறாவும் ஸ்டெல்லா வீட்டாரும் ஒரே கிறிஸ்தவ சபை. அதனால் அவருக்கு அவள் "ஸ்டெல்லாம்மா", அவளுக்கு அவர் "அங்கிள்".

ஒருநாள் எல்லார் போனிலும் ஒரே வீடியோ. எங்கோ ஒரு நாட்டில், தீவிரவாதி ஒருவன் ஒளிந்திருந்ததாகச் சொல்லி ஒரு குடியிருப்பின் மேல் குண்டு போட்டிருந்தார்கள். இடிபாட்டிலிருந்து குழந்தைகளைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். ஜெனரல் வீடியோவைப் பாதியில் நிறுத்தி, "டார்கெட் பர்ஃபெக்ட்" என்றார்.

ஸ்டெல்லா தன் போனைப் பைக்குள் போட்டாள். "அங்கிள், வெளிநாட்டுல எங்க வார்டுல ஒருத்தர் தரை தொடைக்கிற வேலை பாத்தாரு. துப்பாக்கிக்காரங்களைக் கண்டாலே அவருக்கு ஆவாது. ஒரு தடவ அவங்க ஆளுங்க சேத்துக் காலோட வார்டுக்குள்ள வந்துட்டாங்க. இவரு தொடப்பக் கட்டையைக் காட்டி வெளிய தொரத்தினாரு. துப்பாக்கி வெச்சிருக்கறவங்களை! நாங்க எல்லாம் பயந்து போய்ட்டோம். இவரு பாட்டுக்குத் திரும்பத் தொடைக்க ஆரம்பிச்சிட்டாரு."

"நல்ல மனுஷன்" என்றார் ஜெனரல்.

"அப்புறம் அவரு இருந்த தெருவுல குண்டு போட்டாங்க. யாரையோ தேடி. தேடின ஆளு அங்க இல்லவே இல்ல. இவரோட பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க, எல்லாம் போயிட்டாங்க. கொஞ்ச நாள் வந்து தரை தொடைச்சாரு. யார்கிட்டயும் பேசல. அப்புறம் வர்றதை நிறுத்திட்டாரு. அடுத்த தடவை நான் பாக்கும்போது அந்த ஆளுங்களோட சேர்ந்து, அடிபட்டவன் ஒருத்தனைத் தூக்கிகினு வந்தாரு. தோள்ல துப்பாக்கி. வார்டு வாசல்ல செருப்பைக் கழட்டி வெச்சிட்டு உள்ள வந்தாரு அங்கிள்."

ஜெனரல் மட்டும் முகம் மலர்ந்தார்.

"பாத்தியா! கடைசியில துப்பாக்கி தூக்கிட்டான்ல? அப்ப அவன் வீட்டு மேல குண்டு போட்டது சரிதானே?"

"போட்டதாலதான் அங்கிள் தூக்கினாரு."

"தூக்கப் போறான்னு தெரிஞ்சுதாம்மா முன்னாடியே போட்டிருக்காங்க. அதுக்குப் பேருதான் இண்டெலிஜென்ஸ்."

யாரோ கைதட்டினார்கள். இதற்கு மேல் எந்த நாட்டின் ராணுவத் தலைமையகத்திலும் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. ஸ்டெல்லா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கோடையில் எங்கள் ரயிலின் மேல் கல் விழ ஆரம்பித்தது.

சாயங்கால ரயில். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால், தண்டவாளத்தை ஒட்டி ஒரு லைன் இருக்கிறது. சுரங்கக் காலத்தில் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன வீடுகளைத்தான் நாங்கள் லைன் என்போம். அந்த இடத்தில் எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு கல், எங்கள் பெட்டியில் நின்றிருந்த கல்லூரிப் பெண்ணின் புருவத்தைக் கிழித்தது. ஸ்டெல்லா தன் துப்பட்டாவை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். துப்பட்டா முழுக்க ரத்தம். அந்தப் பெண் அழக்கூட இல்லை, கண் இருக்கிறதா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் எல்லாருக்கும் ரத்தம் கொதித்தது. ஜெனரலுக்கு இன்னும் அதிகமாக. உள்நாட்டிலேயே ஒரு போர்முனை கிடைத்துவிட்ட கொதிப்பு என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை. அந்தப் பெண்ணை அவர் தன் மகளைப் போல ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். பிறகு நேராகப் போலீஸிடம் போனார்.

போலீஸ்காரர்கள் பிளாட்பாரத்துக்கு வந்து, "யாரைன்னு பிடிக்கறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஜெனரல் கையை நீட்டினார்.

"அதோ, தண்டவாளத்தை ஒட்டின லைனு. தனித்தனியா தேடிகினு இருக்காதீங்க சார். மொத்தமா போடுங்க. அப்பத்தான் அடங்கும்."

நான் மெல்லச் சொன்னேன். "சார், செல்வம் வீடு அந்த லைன்லதான் இருக்கு."

"அவன் இன்னா பண்ணான்? நல்லவங்களை அவங்களுக்குத் தெரியும்" என்றார். குண்டுக்கும் லத்திக்கும் ஆள் தெரியும் என்பது அவருடைய இறையியல்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் போனவர்கள் வீடு திரும்பியிருந்த நேரம் பார்த்துப் போலீஸ்காரர்கள் அந்த லைனுக்குள் வந்தார்கள். மீசை முளைத்தவர்கள் எல்லாரையும் வெளியே இழுத்தார்கள். செல்வம் கறி வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். "நான் எறியல சார், நானே அந்த ட்ரெய்ன்லதான் போய் வர்றேன்" என்று சொல்லியிருக்கிறான். "அப்ப ட்ரெய்ன் டைமு உனக்கு நல்லாவே தெரியும்" என்று சொல்லிவிட்டு அடித்தார்கள். அடி முழங்காலில் விழுந்தது.

திங்கட்கிழமை ஜெனரல் ஏறியபோது ஜன்னலோரத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பங்காருப்பேட்டை வரை நின்றுகொண்டே வந்தார். அவரேதான் பேச்சை எடுத்தார்.

"ஆபரேஷன்னா அப்பிடி இப்பிடி ஆவும். வருத்தமாத்தான் இருக்குது. ஆனா இனிமே பாருங்க, ஒரு கல்லு விழாது."

இரண்டு நாள் விழவில்லை. மூன்றாம் நாளிலிருந்து மழையாக விழுந்தது.

முன்பு வாரத்துக்கு ஒன்று வந்த கல் இப்போது தினமும் வந்தது. முன்பு விளையாட்டாக எறிந்தது போலிருக்கும், இப்போது குறி பார்த்து வந்தது. மூன்றாம் பெட்டியை அவர்கள் அடையாளம் தெரிந்து வைத்திருந்தார்கள் என்று ஒரு வதந்தி. கோலார் வெயிலில் எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டு, இரும்புப் பெட்டிக்குள் வெந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தோம். ஜெனரல் வியர்வையைத் துடைத்துக்கொண்டே வெற்றியை அறிவித்தார்.

"பாத்தீங்களா, எத்தினி பேரு கீறாங்கன்னு? நான் அன்னிக்கே சொன்னேன். போட்டது பத்தல."

இரண்டாம் முறையும் போலீஸ்காரர்கள் வந்து போட்டார்கள். போட்டதற்கு ஏற்றபடி கல்லும் கூடியது. அவருடைய கணக்கில் இதுவும் ஆதாரம்தான். அடித்தபின் கல் நின்றால், அடித்ததால் நின்றது. நிற்காவிட்டால், அடித்தது குறைவு. இந்தக் கணக்கில் தோற்கவே முடியாது. பெரிய பெரிய நாடுகள் எல்லாம் இதைத்தான் வைத்திருக்கின்றன.

ஒருநாள் சிக்னலுக்காக ரயில் அந்த லைனுக்குப் பக்கத்தில் நின்றது. ஷட்டர் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஜெனரல் துள்ளி எழுந்தார்.

"செல்வம்! அவனேதான்! கலுவிட்டுப் பாலத்து மேல உக்காந்துகினு இருக்கான். சுத்தி அந்தப் பசங்க!"

"அவன் கையில கல்லு இருந்ததா அங்கிள்?" என்றாள் ஸ்டெல்லா.

"கை தெரியல. ஆனா உக்காந்துகினு இருந்தான்."

"முட்டி ஒடைஞ்சவன் உக்காரத்தானே அங்கிள் முடியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். "வா தம்பி, அவனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரலாம். எதிரியா இருந்தாலும் முகத்துக்கு நேராக் கேக்கணும்." குரலில் ஜெனரல் இருந்தார். நடையில் இல்லை. வழியில் கடையில் நின்று ஆப்பிள் வாங்கினார்.

செல்வம் வாசலில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழ முயன்றான். முடியவில்லை. "வாங்க சார், உக்காருங்க" என்று உள்ளே பார்த்து இன்னொரு நாற்காலிக்குக் குரல் கொடுத்தான். மனைவி கொண்டுவந்து போட்டாள். ஜெனரல் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். பெங்களூர் கம்பெனியில் அவனுக்குப் பதில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். கருவிப் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜெனரல் ஆப்பிள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"உன்னை அடிச்சது தப்புதான் செல்வம். நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்காக நீ கல்லெறியற கூட்டத்தோட உக்காரலாமா?"

"நான் எறியல சார்."

"எறியறது யாருன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். முன்னாடியும் தெரியும்." செல்வம் குரலை உயர்த்தவேயில்லை. "எல்லாம் பசங்க சார். லீவு நாள்ல நான்தான் ரெண்டு தட்டு தட்டி வெரட்டிகினு இருந்தேன். மத்த நாள்ல என் சம்சாரமும் பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களும் வெரட்டுவாங்க. எங்களுக்குத் தெரியாம எப்பவாவது ஒண்ணு போவும். அப்பிடிப் போனதுதான் அந்தப் பொண்ணு மேல பட்டது. தப்புதான். பெரிய தப்பு."

"இப்ப?"

"இப்ப யாரும் வெரட்டறதில்ல."

"ஏன்?"

செல்வம் அவரை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் ஜெனரலுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இன்னாத்துக்கு சார்? வெரட்டினவனுக்கும் அடி, எறிஞ்சவனுக்கும் அடி. சும்னே அடிச்சாங்க சார், சும்மா. அந்தப் பசங்க இப்ப என்னை வந்து கேக்கறாங்க, 'அண்ணா, நீ எங்களை வெரட்டினியே, உனக்கு இன்னா கெடைச்சுது?'ன்னு. நான் இன்னா சொல்லட்டும்? நீங்க சொல்லுங்க, அதையே சொல்றேன்."

உலகத்தின் எந்தப் பிரச்சினைக்கும் பங்காருப்பேட்டையிலிருந்து மாலூர் போவதற்குள் தீர்வு சொல்லக்கூடியவர், ஆப்பிள் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். திரும்பி நடந்தோம். தன் வீட்டுத் தெரு முனையில் நின்று, "எந்த டாக்டரைப் பாக்கறான்னு கேக்க மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் போலீஸ்காரர்கள் மறுபடி பிளாட்பாரத்துக்கு வந்தார்கள். இம்முறை புது ஆட்கள். மூன்றாம் தாக்குதலுக்குத் தயார். "எந்த லைன், எந்தெந்த வீடுன்னு காட்டுங்க சார்" என்று ஜெனரலிடம் கேட்டார்கள். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"எனக்கு அடையாளம் தெரியல சார்" என்றார் அவர்.

"நீங்கதான் அன்னிக்குக் காட்டினீங்களாமே?"

"கண்ணு சரியில்ல. எல்லா லைனும் ஒரே மாதிரிதான் இருக்குது. எவன் எறியறான்னு எனக்குத் தெரியாது. தெரியாம யாரைக் காட்டறது?"

கடலுக்கு அப்பால் மலைக்குகையில் எந்தத் தீவிரவாதி எந்தப் பாயில் படுத்திருக்கிறான் என்று சொல்லக்கூடிய மனிதருக்கு, கூப்பிடு தூரத்தில் இருந்த லைன் தெரியாமல் போயிற்று. போலீஸ்காரர்கள் எங்கள் முகங்களைப் பார்த்தார்கள். நாங்களும் திடீரென்று கண் தெரியாதவர்கள் ஆனோம். சலித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குள் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். வெளியுறவுக் கொள்கையில் ஒரு மாற்றமும் இல்லை. வேறொரு நாட்டில் வேறொரு குடியிருப்பு இடிந்த செய்தி வந்தபோது, பழையபடி "பர்ஃபெக்ட்" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

ஸ்டெல்லா கேட்டாள். "அங்கேயும் பசங்களை வெரட்டறதுக்கு ஒரு செல்வம் இருந்திருப்பாரு இல்லியா அங்கிள்?"

"அது வேற."

"இன்னா வேற?"

நேர்மையான மனிதர், பொய் சொல்ல வரவில்லை.

"அது தூரம்மா" என்றார்.

போலீஸ் வருவது நின்று ஒரு மாதம் போலிருக்கும். லைனில் கதவுகள் திறந்தன. பெண்கள் மறுபடி தண்டவாளத்துப் பக்கம் வந்து பசங்களைக் கத்தி விரட்ட ஆரம்பித்தார்கள். செல்வம் பங்காருப்பேட்டையில் ஒரு கடையில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் வேலை பிடித்துக்கொண்டான். பெரிய சம்பளம் இல்லை, வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடலாம். சாயங்கால ரயில் வரும் நேரத்துக்கு அவன் ஒரு காலை இழுத்துக்கொண்டு கலுவிட்டுப் பக்கம் நிற்பதை ஷட்டர் இடுக்கில் பார்த்தோம். கல் குறைந்தது. பிறகு நின்றது. ஷட்டர்களை ஏற்றினோம். காற்று வந்தது.

கல் ஏன் நின்றது என்பதைப் பயணிகள் சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். இரண்டு தரம் போட்ட போட்டில் அடங்கிவிட்டது என்று ஏகமனதாகக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கடும் நடவடிக்கைக்குக் காரணமாக இருந்தவருக்குப் பாராட்டு விழா வைப்பது என்றும் முடிவாயிற்று.

ஒரு பள்ளிக்கூட ஹாலில் விழா. சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து, "அடிச்சாதான் அடங்கும்னு நமக்கு நிரூபிச்சுக் காட்டினவர்" என்றார். கைதட்டல். ஜெனரலுக்கு மஞ்சள் கரை போட்ட சால்வை போர்த்தினார்கள். ஸ்டெல்லா என் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செல்வத்தை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"இப்ப நம்ம ஜெனரல் பேசுவாரு" என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

அவர் மைக்கை வாங்கினார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மூச்சு இழுப்பது ஸ்பீக்கரில் கேட்டது. ஹாலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போர்த்தியிருந்த சால்வையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் மைக்கே இல்லாமல் அத்தனை பேசியவர், கையில் மைக்கோடு வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

என்ன ஒரு அடக்கம் என்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.